கைவாகு

பெலேமில் யாரையாவது சந்திப்பதென்றால்
மழைக்கு முன்னா, பின்னா என்றுதான் கேட்போம்.
நான் முன்னால் போனேன்,
எலுமிச்சை தேய்த்துக் கழுவிய கையோடு,
இரண்டு வருடச் சேமிப்பை
மீன் போடும் பையில் சுருட்டிக்கொண்டு.

வால்டெசீர் நான்கை இறக்கிவைத்தான்.
"தொட்டுப் பார், ஜுசிலேனி. தொடுவதற்குக் காசில்லை."

மீன் வெட்டுகிறவளிடம் எடை பேசக்கூடாது.
கிப்ஸனைத் தோளில் மாட்டியதும் சொன்னேன்:
நாலு கிலோ முந்நூறு.
குடல் எடுக்காத டொராடா மீன்.
அவன் தராசு கொண்டுவந்தான். நாலு இருநூற்றெண்பது.
இருபது கிராமுக்கு மன்னிப்புக் கேட்டேன்.
ராத்திரி முழுக்கப் படகில் நின்று வாசிக்க வேண்டும்,
பகல் முழுக்க நின்றது போதாதென்று.

ஃபெண்டரின் முதுகைச் சீவி எடுத்திருந்தார்கள்.
பேருந்தில் நகர்ந்து இடம் கொடுக்கிற ஆள் மாதிரி
விலாவோடு ஒட்டிக்கொண்டது.
எனக்கு ஆசைதான்.
ஆனால் என் மோதிரவிரல் முழுசாக நீளாது.
கெளுத்தி முள் ஏறிய விரல், தையல் போட்டவன் அவசரக்காரன்.
மூன்றாம் கட்டிலிருந்து அது ஆறுக்குப் போய்ச் சேர்வதற்குள்
பாட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறது.

இபனெஸ்ஸின் கழுத்து மெலிசு.
புதுக் கத்தி போல.
புதுக் கத்தியால் முதல் வாரம் எல்லாரும் வெட்டிக்கொள்வார்கள்.

நான்காவது யமஹா. அதைத் தொடவில்லை.
பக்கத்து வீட்டுப் படகின் எஞ்சினுக்கும் அதே பெயர்.
ஞாயிற்றுக்கிழமைகூட அது தூங்கவிடாது.

எங்கள் குழுவில் எடினால்டோ சொல்வான்:
ஃபெண்டர் இல்லாதவன் வாசிக்கவில்லை, சொறிகிறான்.
பேஸ் வாசிக்கும் குளோவிஸ் கிப்ஸன் கட்சி.
இதற்காக நாலு மாதம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை,
ஒரே பாட்டை ஒரே மேடையில் வாசித்தபடி.

மழை வந்தது.
ஷட்டரை இறக்கினான். மின்சாரம் போனது.
ஆம்ப்ளிஃபயர் ஒரு தும்மலோடு செத்தது.
கூரை ஒழுகியது. இருட்டில் அவன்
கிட்டார்களைத் தூக்கித் தூக்கி இடம் மாற்றுவது கேட்டது.
"ஒன்றைப் பிடி, நனைகிறது!"

பிடித்தேன்.

வேறு வேலை இல்லை. வாசித்தேன்.
கம்பிச் சத்தம் மழைக்குள் கேட்கவே இல்லை,
கட்டை மட்டும் விலாவில் அதிர்ந்தது.
கழுத்து தடிமனுமில்லை, மெலிசுமில்லை.
கட்டைவிரல் எங்கே போவதென்று கேட்கவில்லை.
முள் ஏறிய விரல் போக வேண்டிய இடத்துக்குப் போய்
அங்கே சும்மா இருந்தது,
கூப்பிட்டுக்கொண்டு வந்த பிள்ளை மாதிரி.

மூன்றைத் தொட்டிருந்தேன்.
இது அந்த மூன்றில் ஒன்றில்லை என்று
முதல் நொடியிலேயே தெரியும்.
தெரியாத மாதிரி இருந்தேன்.
இருட்டில் அது சுலபம்.

வால்டெசீர் மெழுகுவர்த்தி தேடினான்.
வேண்டாம் என்றேன்.
பெயரைச் சொல்லாதே, விலையைச் சொல்.
சொன்னான்.
பையில் இருந்ததில் உறைக்கும் மிச்சம் இருந்தது,
வீட்டுக்குப் போகிற படகுக்கும்.
பொய் சொல்ல மாட்டேன், கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.
இரண்டு வருடம் நான் வேறொரு பெயருக்காகச் சேர்த்தேன்.

சனிக்கிழமை எடினால்டோ குனிந்து
தலைப்பகுதியில் இருந்ததைப் படித்தான்.
படித்துவிட்டு நிமிர்ந்தான்.
"எஞ்சின் எத்தனை குதிரைச்சக்தி?" என்றான்.
மூன்று பாட்டு கழிந்து, இடைவேளையில்,
யாரும் பார்க்காதபோது கேட்டான்: "ஒரு தடவை கொடு."
கொடுத்தேன்.
நீண்ட நேரம் வைத்திருந்தான்.

திருப்பிக் கொடுத்தபோது
தன் இடது கையை முகர்ந்து பார்த்தான்.
"டொராடா வாடை."
கழுத்தில் ஏறிவிட்டது, ஐந்தே நாளில்.
எலுமிச்சை தேய்க்கலாமே என்றான்.
வார்னிஷ் போய்விடும் என்றேன்.